தமிழ்மணியின் தமிழ்

பர்மாவில், தாமுவே கோயில் திருவிழா. அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே தமிழ்மணி அழுதாள்.

பக்கத்திலிருந்தவர் கேட்டார். "வெங்காயம் உரிக்கிறது நானு. நீ ஏன் பாப்பா அழுவுற?"

"அரசாங்கத்தோட செய்தித் தொடர்பாளர் ஊ மியா தான்னு ஒருத்தரு வர்றாரு மாமா. அவரு பர்மா பாஷையில பேசுவாரு. அதை நான் மேடையில தமிழ்ல சொல்லணும். எனக்குப் பேருலதான் தமிழு, வாயில பர்மாதான். ஊரே சிரிக்கும்."

"அந்தாளு எப்படி?"

"ரேடியோவுல கேட்டதில்லையா? மூச்சே விடமாட்டாரு. சிரிக்கவும் தெரியாது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

விழா தொடங்கியது. "ஊ மியா தான் அவர்களே, வருக!" என்று அழைத்ததும், இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியில் ஒட்டியிருந்த வெங்காயத்தோலைத் தட்டிவிட்டு அதே ஆள் மேடையேறினார். தமிழ்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வணக்கமுங்க! இதே தெருவுல பொறந்தவன் நான். மியா தான்ங்கிறது பள்ளிக்கூடத்துல வச்ச பேரு. வீட்டுல நான் செல்லக்கண்ணு."

கூட்டம் விசிலடித்தது. அவருடன் வந்திருந்த பர்மிய அதிகாரிகள் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

அவர் தமிழ்மணி பக்கம் மைக்கை நீட்டினார். "நான் தமிழ்லதான் பேசப்போறேன். இவங்களுக்கு நீ பர்மாவுல சொல்லு பாப்பா."

தமிழ்மணி மடை திறந்தாற்போல் பேசினாள். அவர் சொல்லாததையும் சேர்த்தே சொன்னாள்.