அறுபட்ட கடைசி அத்தியாயம்

“அந்தப் பேயி யாருன்னு நீயாவது சொல்லுய்யா. ரெண்டு நாளா மில்லுல வேலையே ஓடல.”

சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் சுப்புராயன், நாவலை மேசைமேல் போட்டார். தங்கதுரை புரட்டிப் பார்த்தான். பதினெட்டாம் அத்தியாயத்தோடு கதை நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் பிளேடால் அறுத்த தடம்தான் இருந்தது.

மூங்கில்துறைப்பட்டில் தங்கதுரை நடத்துவது வாடகை நூல் நிலையம். சமையல் குறிப்பிலிருந்து சட்டப் புத்தகம் வரை வைத்திருந்தாலும், ஓடுவது என்னவோ பேய் நாவல்தான். அதிலும் அவனுக்கு ஒரு கொள்கை உண்டு. கடைசியில் பேயே இல்லை, எல்லாம் சொத்துக்காகச் சித்தப்பா போட்ட வேஷம் என்று முடிகிற நாவலை மட்டும்தான் வாங்குவான். ஜனங்களைப் பதினெட்டு அத்தியாயம் பயமுறுத்தி, பத்தொன்பதாவதில் பகுத்தறிவு ஊட்டுவதாக நினைப்பு. எல்லாப் பேயும் ஊட்டி பங்களாவுக்கே போகிறதே, மேற்கே இருக்கிற நம் கல்வராயன் மலைக்கு ஒன்றுகூட வரவில்லையே என்பது மட்டும் சின்ன வருத்தம்.

இப்போது யாரோ அந்தப் பகுத்தறிவை மட்டும் பார்த்துப் பார்த்து அறுத்திருக்கிறார்கள்.

ஆளைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. மற்ற பேய் நாவல்களையும் புரட்டிப் பார்த்தான்; அறுபட்டதெல்லாம் காசிநாதன் கைக்குப் போய்த் திரும்பிய புத்தகங்கள். காசிநாதன் கரும்பு விவசாயி. ஆலைக்குக் கரும்பு கொண்டுவரும்போதெல்லாம் டிராக்டரை ஓரம்கட்டிவிட்டு வந்து நிற்பார். பேய் நாவல் தவிர வேறு எதையும் தொடமாட்டார். அதையும், “இதுல செத்தவங்க யாராச்சும் திரும்பி வராங்களா தம்பி?” என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்குவார். இப்படி ஒரு ரசிகரா என்று தங்கதுரை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்டு.

அன்று அவர் வந்ததும் பிடித்துக்கொண்டான்.

“இன்னாண்ணே இது? புஸ்தகத்தை அறுக்கக் கை எப்படிண்ணே வருது?”

காசிநாதன் மறுக்கவில்லை. “தப்புதான் தம்பி.”

“எதுக்கு அறுத்தீங்க?”

காசிநாதன் பேய் நாவல் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேயி இல்லன்னு எழுதினா அண்ணனுக்குப் புடிக்கல போலக்குது,” என்று தங்கதுரையின் காதில் முணுமுணுத்தார், அங்கே உட்கார்ந்திருந்த சுப்புராயன். “இந்தக் காலத்துலயும் இப்படி நம்பிக்கினு ஒரு ஆளு.”

“இனிமே அறுக்க மாட்டேன் தம்பி. இன்னைக்கு ஒண்ணு மட்டும் குடுங்க. வூட்டுல எதிர்பார்த்துக்கினு இருப்பா.”

“புஸ்தகத்தோட அருமை தெரியாதவங்களுக்கு இங்க எடமில்லண்ணே. இனிமே வராதீங்க.”

காசிநாதன் வெறுங்கையோடு டிராக்டருக்குத் திரும்பினார். ஊரிலிருந்து ஒரு மூடநம்பிக்கையை விரட்டிவிட்ட திருப்தியில் தங்கதுரை டீ சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கடைக்குள் வந்தார்.

“நான் பெரியம்மாளுங்க. காசிநாதன் வூட்டுக்காரி. அவரை வரவேணாம்னு சொல்லிட்டீங்களாமே.”

“ஒவ்வொரு புஸ்தகத்துலயும் கடைசி அத்தியாயத்தை அறுத்துட்டாரும்மா.”

“எனக்காகத்தான் தம்பி அறுத்தாரு.”

தங்கதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“எங்க பொண்ணு அம்சவள்ளி காய்ச்சல்ல போயிட்டா. ஒரே பொண்ணு. கல்யாணம் ஆவாமப் போனவளை எங்க வூட்டுல பூவாடைக்காரின்னு கும்புடுவோம். ஏரிக்கரையில பம்பை அடிச்சுப் பேரைச் சொல்லிக் கூப்புட்டா, யாரு மேலயாவது எறங்கி ரெண்டு வார்த்தை பேசும். நாங்களும் வருஷா வருஷம் கூப்புட்டோம். எங்க பொண்ணு மட்டும் வரவே இல்ல.”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அன்ன ஆகாரம் இல்லாமக் கெடந்தேன். அப்பதான் உங்க கடைப் புஸ்தகம் ஒண்ணு பக்கத்து வூட்டுல கெடந்துச்சு. அதுல ஒரு செத்த பொண்ணு ஜன்னலாண்ட வந்து நின்னு அம்மான்னு கூப்புடறா. அதைப் படிச்சதும் எனக்கு மனசு கொஞ்சம் தேறிச்சு. அவரு பார்த்துட்டாரு. அன்னைலேருந்து பேய்க் கதையா வாங்கியாந்து குடுத்துக்கினு இருக்காரு.”

“சரிம்மா, அதுக்கு எதுக்குக் கடைசி அத்தியாயத்தை அறுக்கணும்?”

“அந்த மொதோ புஸ்தகத்தோட கடைசியில, வந்தது பொண்ணே இல்ல, எல்லாம் வேஷம்னு இருந்துச்சு. படிச்சுட்டு ஓன்னு அழுதுட்டேன். அடுத்த புஸ்தகத்துலேருந்து அறுத்துட்டுக் குடுக்க ஆரம்பிச்சாரு.”

தங்கதுரைக்குத் தன் கொள்கையை நினைத்து முதல்முறையாக வெட்கமாக இருந்தது.

“அறுத்தாலும் முடிவு இன்னான்னு உங்களுக்குத் தெரியுந்தானேம்மா?”

“தெரியாம இன்னா. எல்லாம் வேஷந்தான். அவ வரமாட்டா.”

“அண்ணனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்புறம் எதுக்கும்மா இன்னும் படிச்சுக்கினு இருக்கீங்க?”

“அவருக்குத் தெரியாதுங்க. அவரு எழுத்து படிச்சவரு இல்ல. நம்பர் மட்டும்தான் தெரியும். கடைசி அத்தியாய நம்பர்ல நான் அழுதேன்னு அதைப் பார்த்து அறுக்குறாரு.”

பெரியம்மாள் அலமாரியிலிருந்து ஒரு பேய் நாவலைத் தானே எடுத்துக்கொண்டார்.

“நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்து, ‘புள்ள வந்துட்டாளா, இன்னா சொல்றா?’ன்னு கேட்டுக்கினே இருப்பாரு தம்பி. ‘வந்துட்டா, நல்லா இருக்கேன்னு சொல்றா’ன்னு அவருகிட்ட சொல்லணும் இல்லியா, அதுக்குத்தான் படிக்கிறேன்.”