நல்லா கேக்குதாம்

ஜப்பான் பதில் சொன்னது.

திரையில் சுருக்கக் குறிகளில் ஒரு வரி. உங்கள் சிக்னல் நன்றாக வருகிறது, நன்றி, வாழ்த்துகள்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாடிப்படியில் பாதிவரை வெள்ளம் ஏறியிருந்தது. செல்போன் கோபுரங்கள் காலையிலேயே செத்துவிட்டன. உள்ளறையில் மகள் மங்கைக்கு நிறைமாதம். விட்டுவிட்டு வந்த வலி இப்போது விடாமல் வருகிறது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

மிச்சமிருந்தது அவருடைய ஹாம் ரேடியோ, பொழுதுபோக்குக்காக ஊர் உலகத்தோடு பேசும் வானொலி. அதிலும் மைக், மோர்ஸ் சாவி எல்லாம் கீழ்வீட்டுத் தண்ணீரில். கார் பேட்டரியும் லேப்டாப்பும் தப்பியதால் அந்த டிஜிட்டல் முறை மட்டும் வாய்த்தது. கணினியும் கணினியும் தாமே பேசிக்கொள்ளும், ஆள் இல்லாவிட்டாலும் பதில் போகும். எத்தனை மெலிந்த சிக்னலும் கடல் தாண்டும். கால் நிமிடத்துக்கு ஒரு செய்தி, பதின்மூன்று எழுத்துக்குள்.

முதலில் தம் அழைப்புக்குறி, ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு கொடுக்கும் அடையாளம். பிறகு, வெள்ளம், உதவி.

இத்தாலி வாழ்த்தியது. பிரேசில் வாழ்த்தியது.

அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. இவரும் மென்பொருளை ஓடவிட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிற ஆள்தான். திரும்பி வந்தால் தொடர்பு கிடைத்த நாடுகளின் கணக்கில் நாலு கூடியிருக்கும். வந்த செய்தியை என்றைக்குப் படித்தார்?

மனைவி கதவருகே வந்து நின்றாள்.

"யாரும் பதில் சொல்லலியாங்க?"

"சொல்றாங்க. ஜப்பான்ல நல்லா கேக்குதாம்."

"புள்ளைக்கு வலி எடுத்துருச்சுன்னு சொன்னீங்களா?"

அவர் திரைக்குத் திரும்பினார்.

லேப்டாப்பில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது.

ஆளே இல்லாத ஒரு தீவு உண்டு. அதன் அழைப்புக்குறி ஒருமுறை காதில் விழாதா என்று உலகத்து ஹாம்கள் வருடக்கணக்கில் தவம் கிடக்கிறார்கள். அவர் தம் குறியை அழித்துவிட்டு அதை அடித்தார்.

பொய்க்குறி போடுகிறவன் அவர்கள் மத்தியில் திருடனுக்குச் சமம். அப்படிச் செய்த கூட்டாளியோடு பேச்சையே முறித்துக்கொண்டவர் அவர். கை கூசியது.

உள்ளே மங்கை "அப்பா" என்றாள்.

அனுப்பினார்.

திரை நிரம்பி வழிந்தது. வெல்லக்கட்டியை ஈ மொய்ப்பதுபோல் நாடு நாடாக அவரைக் கூப்பிட்டன. காபி குடிக்கப் போனவர்கள் நாற்காலிக்கு ஓடி வந்திருப்பார்கள். இப்படியொரு குறி வந்தால் எவனும் கணினியை நம்பி விடமாட்டான். கண்ணால் பார்ப்பான். சந்தேகப்படுவான்.

அதைத்தான் அவர் நம்பியிருந்தார்.

கூப்பாடு ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் ஒரே வாய்ப்பாடு. அவர் வரி வரியாகப் படித்தார், வாழ்நாளில் முதல்முறையாக.

நடுவில் ஒன்று எந்த வாய்ப்பாட்டிலும் அடங்கவில்லை. யாரோ விரலால் தட்டியது.

திருட்டுப்பயலே, யார் நீ.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒரு ஆளு இருக்காருடி," என்றார். "என்னைத் திட்டுறாரு."

பொய்க்குறியை அழித்துவிட்டுத் தம் சொந்தக் குறியைப் போட்டார். அனுப்பும் முறை வரக் கால் நிமிடம் இருந்தது. அதற்குள் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்து தெரிய வேண்டுமே.