வளைந்த குழாய்

மிர்சினி கைப்பிடியை மெல்ல நகர்த்தினாள். திரையில் பித்தப்பை பளபளத்தது. அதன் ஓரமாக ஒரு வெட்டு. அவ்வளவுதான், திரை முழுக்க ரத்தம்.

'நோயாளி இறந்தார். மறுபடி தொடங்கவா?' என்று எழுத்து வந்து நின்றது.

இது நாலாவது தடவை. நாளைக்கு இதே திரையில் அறுவைத் தேர்வு. தேறினால்தான் தெசலோனிக்கி ஆஸ்பத்திரியில் நிஜ நோயாளியைத் தொட விடுவார்கள்.

தப்பு தன் மேல் இல்லை என்றே நினைத்தாள். ஈரலுக்குப் போகிற ரத்தக்குழாய் நேராகப் போகாமல், கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி வளைந்து பித்தப்பையை உரசிக்கொண்டு நின்றது. பாடப் புத்தகப் படத்தில் அப்படி இல்லை.

ஸ்கேன் படங்களிலிருந்து இந்த உடம்பைக் கம்ப்யூட்டரில் செய்து வைத்தவள் கீழ்த்தளத்து எவாந்தியா. போன வாரமே தலைமை டாக்டர் ஸ்கார்லாதோஸிடம் மிர்சினி புகார் சொல்லியிருந்தாள். குழாயை நேராக்கு, இல்லாவிட்டால் வேலையை விட்டுப் போ என்று அவர் சொல்லிவிட்டதாகப் பேச்சு.

அப்படியும் நேராக்கவில்லை. மிர்சினி கோபத்தோடு கீழே இறங்கிப் போனாள்.

எவாந்தியாவின் சாமான்கள் ஒரு அட்டைப்பெட்டிக்குள் ஏறியிருந்தன. மேஜையில் தட்டு நிறைய வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரை, மாதுளை முத்து. செத்தவர்களுக்காகக் கோயிலில் வைத்து எடுத்து வருவது.

"ஒரு குழாயை நேராக்க என்னம்மா கஷ்டம் உங்களுக்கு? உங்க ஆளு இன்னிக்கு நாலு தடவை செத்துட்டான்."

எவாந்தியா காகிதக் கிண்ணத்தில் கொஞ்சம் அள்ளி நீட்டினாள். "சாப்பிடு கண்ணு. ஆண்டவர் மன்னிக்கட்டும்னு சொல்லிட்டுச் சாப்பிடு."

"யாருக்காக?"

"அந்த ஆளுக்குத்தான். என் பையன் அனெஸ்திஸ். இன்னியோட மூணு வருஷம்."

மிர்சினி கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அவன் ஸ்கேன்ல அந்த வளைவு தெளிவா இருந்துச்சு. புத்தகத்துல இருக்கிற மாதிரிதானேன்னு ஆபரேஷன் பண்ணவர் உத்துப் பாக்கலை. இதை நேராக்கினா நீ பாஸாயிடுவே. அப்புறம் இதே வளைவோட ஒருத்தன் நிஜமா வந்து படுப்பான்."

அன்றைக்குக் கத்தி பிடித்தவர் யாரென்று மட்டும் மிர்சினி கேட்டாள்.

எவாந்தியா இன்னொரு கிண்ணத்தை நிரப்பி, சர்க்கரையைத் தாராளமாகவே தூவினாள்.

"இதைத் தலைமை டாக்டர்கிட்ட குடுத்துடு. வருஷா வருஷம் அனுப்புறேன். அவர் மட்டும் யாருக்காகன்னு கேட்டதே இல்லை."