தரையில் படுப்பவர்

"பிரேக்ல கால வைங்க. மெதுவா ஓரங்கட்டுங்க" என்றாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக எண்ணி முகம் வெளிறிப்போனார்.

தப்பு அவர்மேல் இல்லை. அவள் மடியில் கிடந்த போன் வீறிட்டுக்கொண்டிருந்தது. வீட்டுச் சுவரில் மாட்டிய கருவியின் எச்சரிக்கை: அப்பா விழுந்துவிட்டார்.

"இன்னிக்குப் பாடம் இவ்வளவுதான் சார். சீட்டு மாறிக்குங்க."

வீடுவரை அவளே வண்டியை விரட்டினாள். நிதானம் நிதானம் என்று காலையிலிருந்து ஓதிக்கொண்டிருந்த டீச்சரின் வேகத்தைப் பார்த்து, அந்த மனிதர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அப்பா சமையலறை வாசலில், வெறுந்தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. அடியில்லை, காயமில்லை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"மாடியில துணி போட்டுட்டு வர்றதுக்குள்ளம்மா. மறுபடியும் அதே எடம்."

அதே இடம். போன வருஷம் அம்மா விழுந்து கிடந்ததும் அங்கேதான்.

அப்பாவுக்கு மறதி தொடங்கியிருந்த நேரம் அது. மோட்டாரை நிறுத்துவது எந்த சுவிட்ச் என்று கேட்க, அன்று காலையில்கூட அவளைத்தான் போனில் கூப்பிட்டிருந்தார். சாயங்காலம் வேலை முடிந்து அவள் கதவைத் திறந்தபோது அம்மா சில்லிட்டுப் போயிருந்தாள். அப்பா பக்கத்திலேயே படுத்திருந்தார், போனைக் கையில் வைத்துக்கொண்டு.

தலையில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றார் டாக்டர். பாவம், நம்பர் போடத் தெரியாமல் முழித்திருப்பார் என்று வந்தவர்களெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள். நோய் என்று புத்திக்குத் தெரிந்தது. மனசு மன்னிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கருவியைப் பார்க்க மெக்கானிக் வந்தார். சுவரில் மாட்டியிருந்த அந்த வெள்ளைப் பெட்டி படம் எடுக்காது. ஆள் நிற்கிறாரா, நடக்கிறாரா, தரையில் கிடக்கிறாரா என்பதை மட்டும் அலை வீசிக் கண்டுபிடித்து அவள் போனுக்குச் சொல்லும்.

"பெட்டியில கோளாறு இல்லைங்க" என்று மெக்கானிக் தன் கையிலிருந்த திரையைக் காட்டினார். "விழுந்தா இந்தக் கோடு சடார்னு இறங்கும். இது பாருங்க, நிதானமா, நின்னு நின்னு இறங்குது. ஐயா விழல. படுக்கிறாரு."

"கட்டில் இருக்கும்போது தரையில எதுக்குப் படுக்கணும்?"

"அது பெட்டிக்குத் தெரியாதுங்களே. வேணும்னா மெதுவா படுத்தா சத்தம் வராத மாதிரி மாத்தித் தரேன்."

"வேண்டாம். முதியோர் இல்லத்துல இடம் சொல்லி வச்சிருக்கேன். அதுவரைக்கும் இருக்கட்டும்." ஒரு கணம் நிறுத்தி, யாருக்கோ பதில் சொல்வதுபோலச் சொன்னாள்: "அவரை நம்பி ஒருத்தியை விட்டது போதும்."

மெக்கானிக் போனபின் வீடு அமைதியாகிவிட்டது. அக்கா பால் வாங்கப் போயிருந்தாள். நிழலாடியது போலிருக்க, அவள் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு முழங்காலை ஊன்றினார். பிறகு கையை. திரையில் பார்த்த கோடு அப்படியே கண்முன் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோரம் ஒடுங்கிப் படுத்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, அந்த வெற்றிடத்தையே பார்த்தார்.

வீறிட்ட போனை அணைத்துவிட்டு அவள் அருகே போனாள்.

"அப்பா, எழுந்திருங்க. தரை ஜில்லுன்னு இருக்கு."

காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். மனிதர் கல்லாய்க் கனத்தார். தூக்கித் தூக்கிக் கை சோர்ந்து, ஏனென்று தெரியாமல், அந்தக் காலி இடத்தில் அவளும் சாய்ந்து படுத்தாள். முகத்துக்கு நேரே அப்பாவின் முகம்.

அவர் கை மெல்ல வந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கியது.

"வலி கொறஞ்சுதா?" என்றார். அம்மாவிடம் மட்டுமே பேசுகிற குரல்.

அம்மா விழுந்த உடனே நினைவிழந்துவிட்டாள் என்றுதான் இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அப்படியானால் பேசியிருக்கிறாள். வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

"கொறஞ்சுது" என்றாள் தட்டுத்தடுமாறி.

"கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்னு நீ சொன்னே. வேர்த்துக் கொட்டுதே உனக்கு."

ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கேள்வி அவளையும் மீறி வெளியே வந்தது. அம்மாவின் இடத்தில் படுத்து, அம்மாவைப் போலவே கேட்டாள்.

"கையில போன் இருந்துச்சுல்ல. நம்ம பொண்ணைக் கூப்பிட்டிருக்கலாம் இல்லையா நீங்க?"

அப்பா குழப்பத்தோடு அவளைப் பார்த்தார். பிறகு, நியாயம் கேட்கிற குழந்தையைப் போல, தழுதழுத்தார்.

"நீதானே என் கையைப் புடிச்சுக்கிட்டே... புள்ள வண்டி ஓட்டிட்டிருப்பா, பதறிடுவா, கூப்பிடாதீங்கன்னு."