ட்ரம்மின் அடி

இரண்டாவது ட்ரம்மையும் அவர் பாதியிலேயே இறக்கினார்.

அவள் பேனாவை மூடவில்லை.

"அரை ட்ரம்முல மாத்திக்கிட்டா வேல சுளுவுங்க மேடம்," என்றார் மோகனசுந்தரம். ஃபீடரை விற்கக் கோவையிலிருந்து காலையில்தான் ஒரகடத்துக் கார் ஒயரிங் ஃபேக்டரிக்கு வந்து இறங்கியிருந்தார். தேவைக்கு மேல் மரியாதை.

ட்ரம்மிலிருந்து வயரை உருவி வெட்டும் மெஷினுக்கு ஊட்டுவது அந்த ஃபீடரின் வேலை. ஒரு மீட்டர். ஒரு மீட்டர். ஒரு மீட்டர்.

இருபதுக்கு ஒன்றை எடுத்து ஸ்டீல் ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். எல்லாம் சரி. மயிரிழைகூடக் குறையவில்லை.

அதுதான் இடித்தது.

போன வாரம் இன்னொரு கம்பெனியின் ஃபீடரைச் சோதித்தார்கள். அது அடிவரை ஓடியது. கடைசியில் அரை மில்லிமீட்டர் குறைந்தது. தாளில் அப்படியே இருக்கிறது.

இரண்டில் ஒன்றை வாங்க வேண்டும். எது என்று அவள் எழுத வேண்டும்.

நிறைந்த ட்ரம் மெதுவாகச் சுற்றும். அதில் எந்த ஃபீடரும் ஒழுங்காக நடந்துகொள்ளும். வயர் தீரத் தீரச் சுற்று சிறுத்துப்போகும். ட்ரம் வேகமெடுக்கும். வயர் இழுபடும். இழுபட்ட நிலையில் வெட்டிய வயர், பிறகு சுருங்கும்.

மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் போதும். கார் ஒயரிங்கில் எட்டாத முனையை யாராவது இழுத்துச் சொருகுவார்கள். என்றாவது ஒரு நாள், ஓடும் காரில், அது கழன்றுகொள்ளும்.

போன வருடம் அப்படி நடந்தது. அந்த மெஷினுக்குக் கையெழுத்துப் போட்டவர் இப்போது இங்கே இல்லை.

அவள் உட்காரும் நாற்காலி அவருடையது.

வெட்டும் மெஷினை ஓட்டும் தேன்மொழி, கண்ணாடி மூடியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்தாள்.

"அந்தாளு அடியக் காட்டவே மாட்டறாரு பாருங்க மேடம். சோறு கம்மியா இருக்கற வூட்ல பரிமாறுற மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றே எழுதிக் கொடுத்திருந்தாள். சோதனைத் திட்டம், நான்காவது வரி: ஒரு ட்ரம்மாவது கடைசிச் சுற்றுவரை ஓட வேண்டும். அதைப் படித்தவர் ஒருவர்தான். மேனேஜர் ஆரோக்கியசாமி.

இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார்.

வரும் திங்கட்கிழமை அவளுக்கு ஆறு மாதம் முடிகிறது. வேலை நிரந்தரமா இல்லையா என்று எழுதப்போகிறவர் அவர்.

வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். வெளியே வந்தபோது பாதிதான் வந்தது.

"ஒரு ட்ரம்... முடியற வரைக்கும், சார்?"

"ஏம்மா, பிசிக்ஸ் படிச்சா எல்லார் மேலயும் சந்தேகம் வருமா?" ஆரோக்கியசாமி சிரித்தார். "ஓட்டிப் பாத்துடு. அதோ, செவுத்தோரம் இருக்கறத மாட்டச் சொல்லு."

அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மோகனசுந்தரம் உதட்டை நனைத்துக்கொண்டார். அது அதைவிடப் பிடிக்கவில்லை. இந்த ட்ரம்மில் இவர் ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தாள்.

சிவப்பு வயர் ஓடத் தொடங்கியது. வயரின் இழுப்பைத் தாங்கி ஆடும் ஃபீடரின் கை பதறாமல் ஏறி இறங்கியது.

முக்கால் ட்ரம். சரி.

அரை. சரி.

கால். ஒரு மீட்டர். சரி.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

கடைசி அடுக்கு. சிவப்பு விலகினால் கீழே ட்ரம்மின் கறுப்பு பிளாஸ்டிக் தெரிய வேண்டும்.

பழுப்பு தெரிந்தது.

யாரும் சொல்லாமலே தேன்மொழி மெஷினை நிறுத்தினாள்.

"நான் எறக்கிடறனுங்க," மோகனசுந்தரம் கையை நீட்டினார். அதற்குள் அவள் கை ட்ரம்மின் மேல் இருந்தது.

அட்டை. பெட்டி அட்டையை வெட்டி, நடுத்தண்டின் மேல் சுற்றிச் சுற்றி, டேப் ஒட்டி, அதற்கு மேல் வயரைத் திரும்பச் சுற்றியிருந்தார்கள். தண்டு பருத்துக் கிடந்தது. வயர் தீர்ந்தாலும் சுற்று சிறுக்க வழியில்லை.

டேப்பைக் கிழித்தாள். ஒரு சுற்றுப் பிரித்தாள். இன்னொன்று. மூன்றாவதில் ஒரு பச்சை ஸ்டிக்கர்.

அதில் அவளுடைய கையெழுத்து.

உள்ளே வரும் சரக்குப் பெட்டி ஒவ்வொன்றிலும் அவள் ஒட்டுவது. தேதியும் அவள் கையால் எழுதியது.

நேற்று.

மோகனசுந்தரத்தின் கழுத்தில் விசிட்டர் பாஸ் தொங்கியது. இன்று, காலை 9.10.

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆரோக்கியசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டோர்ஸ்ல எவனாவது சுத்தியிருப்பான்," என்றார் ஆரோக்கியசாமி. முகத்தில் சிரிப்பு இல்லை. "அளவு சரியா வந்துச்சா இல்லியா? அத மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடும்மா. திங்கக்கிழமை உன் பேப்பர் வேற என் டேபிளுக்கு வருது."

அவள் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தாள். பிரித்த சுற்றுகளைத் திரும்ப அழுத்தி, அட்டையின் விளிம்பில் நிறுத்தினாள். இரண்டு முறை படித்தாள்.

தாளின் கடைசி வரிசையில் எழுதினாள்: நடுத்தண்டின் மேல் அட்டை. கனம் 44 மி.மீ.

ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து அதன் பக்கத்தில் ஒட்டினாள்.

கையெழுத்துப் போட்டாள்.

அதற்குக் கீழே மேனேஜருக்கான கோடு காலியாக இருந்தது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை நீட்டினாள்.