உள்ளங்கையில் சூரியன்

ஒன்பது நாளாகப் பேசாத மனைவி வசுமதியை இரண்டு நாள் விடுப்பில் கன்னியாகுமரிக்கு அழைத்து வந்திருந்தான் அருளப்பன். வந்த இடத்திலும் அவள் கடலோடுதான் இருந்தாள். கடற்கரைப் புகைப்படக்காரர் ஆளுக்கொரு கையைச் சேர்த்துக் கிண்ணமாக நீட்டச் சொல்லி, இறங்கும் சூரியனை அதில் உட்காரவைத்தார்.

“அண்ணாச்சி, அசையாதீங்க. அக்கா, நீங்க கைய எடுத்தா சூரியன் கடல்ல விழுந்துரும்.”

படம் எடுப்பதற்குள் மேகம் மூடிக்கொண்டது.

“போச்சு, இனி நாளைக்குத்தான்” என்று அவர் அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார்.

அருளப்பன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவளும் எடுத்துவிடுவாள். சுண்டல்காரர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

“கை வலிக்குதா?” என்றாள் வசுமதி, கடலைப் பார்த்தபடியே.

“இல்ல.”

“எனக்கு வலிக்குது” என்றாள். கையை மட்டும் இறக்கவில்லை.