கடைசிப் பக்கத்துப் பென்சில்

நூலகப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் கோமளவல்லி அம்மாள் பென்சிலால் அபிப்பிராயம் எழுதிவிடுவார். ‘கதாநாயகன் சரியான அழுமூஞ்சி.’ ‘நூறு பக்கத்தோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம்.’ நூலகர் இருதயராஜ் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் ஒவ்வொன்றையும் படித்துச் சிரித்துவிட்டுத்தான் ரப்பரால் அழிப்பார். மூன்று மாதமாக அந்தப் பக்கங்கள் வெறுமையாகவே திரும்பி வந்தன. இன்று புத்தகத்தைக் கொண்டுவந்த மகளிடம் கேட்டேவிட்டார்.

“அம்மாவுக்குக் கண்ணு தெரியல சார். நான்தான் படிச்சுக் காட்டுறேன்.”

இருதயராஜ் ரப்பரை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார். பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

“இதுக்கு என்ன சொன்னாங்க? திட்டினதெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லும்மா.”